கொண்டை ஊசி வளைவுகளும் கீழ்முதுகும்

சேர்வராயன் மலைத்தொடரில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள கரடியூர் போன்ற ஊர்களுக்குச் சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் அரிசி மூட்டையும் ஏறுவதும், அங்கிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் இறங்குவதும் மலைப்பாதைகளின் வழியாகவே. சேலத்திலிருந்து ஏறும் முதன்மைச் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 300 மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளியிலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குச் செல்கிறது. இதே மலையில் வெட்டப்பட்ட பாக்சைட் மேட்டூரின் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலமும் உண்டு. மலையடிவாரத்தில் ஸ்ரீநகர்–கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை சேலத்தைத் தொட்டுச் செல்கிறது. சற்றுத் தள்ளி, லாரி உரிமையாளர்கள் நிறைந்த சங்ககிரியும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோடும் இருக்கின்றன. நாட்டிலேயே லாரித் தொழில் செறிந்த வட்டாரங்களுள் ஒன்று இது என்பதால், அத்தொழிலின் உடல்நோய்களும் இங்கே செறிந்திருப்பதில் வியப்பில்லை. அவற்றுள் ஓட்டுநர்கள் அன்றாடம் பேசுவது இடுப்புவலி எனப்படும் கீழ்முதுகு வலியைப் பற்றியே.

இவ்வலிக்கு ஓட்டுநர்கள் சொல்லும் காரணங்கள் பல: என்ஜின் சூடு, வாயுப் பிடிப்பு, எலும்புத் தேய்மானம், ஜவ்வு விலகல். ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவரும் சில நேரம் இவற்றுள் கடைசி இரண்டையே சொல்லி அனுப்புகிறார். கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இவை அனைத்தையும் ஓரளவு கலைத்துப் போட்டு, வேறொரு விளக்கத்தை முன்வைத்திருக்கிறது. லாரி ஓட்டுநரின் முதுகு பெரும்பாலும் தேய்ந்துபோவதால் வலிப்பதில்லை. அதிர்வும் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் அதைத் தளர்த்திவிட்ட அந்த நேரத்திலேயே திடீரென அதன்மேல் பாரம் ஏற்றப்படுவதால் வலிக்கிறது என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

முதலில் அதிர்வு. இருக்கையின் வழியாக உடல் முழுவதற்கும் பரவும் குலுக்கலை முழுவுடல் அதிர்வு என்பர். ஒரு நொடியில் எத்தனை முறை ஒரு பொருள் மேலும் கீழும் ஆடுகிறது என்பது அதன் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கு இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு என்பதும், வெளியிலிருந்து வரும் அதிர்வு அதோடு ஒத்துப்போனால் பொருளின் ஆட்டம் பெருகிவிடும் என்பதும் இயற்பியலின் அடிப்படை, இப்பெருக்கமே ஒத்ததிர்வு. உட்கார்ந்த நிலையில் மனித உடற்பகுதி மேல்கீழ்த் திசையில் சுமார் 4 முதல் 6 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுக்கு ஒத்ததிர்கிறது. அந்த அளவில் இருக்கை ஆடுவதைவிட முதுகெலும்பு அதிகமாக ஆடும். லாரியின் பட்டை ஸ்பிரிங்குகளும் டயர்களும் சேசும் கேபினும் சேர்ந்து உண்டாக்கும் குலுக்கலின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ அமைந்துவிடுகிறது. வண்டியைக் கட்டியவர்கள் மனித முதுகை மனதில் வைத்து அதற்கு எதிராகவே கட்டினார்களோ என்று எண்ணத் தோன்றும் பொருத்தம் இது.

ஓட்டுநர்கள் அனுபவத்தில் நன்கு அறிந்த ஒரு செய்திக்கும் இங்கேயே விடை உண்டு. லோடு ஏற்றிய வண்டி மெத்தென்று போகும், காலி வண்டி தூக்கிப் போடும் என்பது அவர்கள் அனைவருக்கும் தெரியும். பாரத்தைத் தாங்குவதற்கென்று விறைப்பாகச் செய்யப்பட்ட பட்டைகளின்மேல் அந்தப் பாரம் இல்லாதபோது ஆட்டத்தின் அதிர்வெண் உயர்கிறது. பட்டைகளின் மேலுள்ள எடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் அதிர்வெண் இரு மடங்காகும். லோடுடன் 2 ஹெர்ட்ஸில் ஆடிய பின்பகுதி காலியாக 4 ஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கும்போது, முதுகெலும்பின் ஒத்ததிர்வு எல்லையைத் தொட்டுவிடுகிறது. அந்த ஆட்டம் சேஸ் வழியாக முன்னுள்ள கேபினையும் சேர்கிறது. ஆகவே ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பும் நாள் உரிமையாளரின் கணக்கில் மட்டுமன்றி ஓட்டுநரின் முதுகிலும் இழப்பாகவே பதிவாகிறது. மலையிலிருந்து இறங்கிய பின் சமவெளிச் சாலையில் காலி வண்டியை விரட்டி ஓட்டுவதைவிட, அதே சாலையில் வேகத்தைச் சற்றுக் குறைப்பது எந்தத் தைலத்தையும்விடப் பயன் தரும். மேடுபள்ளம் மாறாதிருக்க, வேகம் கூடக் கூட இருக்கையை வந்தடையும் அதிர்வும் கூடுகிறது.

மலைப்பாதையின் தன்மை வேறு. அங்கே வேகம் குறைவு என்பதால் மேல்கீழ்க் குலுக்கல் நெடுஞ்சாலை அளவுக்கு இராது. அதற்குப் பதில் பக்கவாட்டு ஆட்டம் வருகிறது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டியிலுள்ள உடல், புவியீர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான விசையோடு வெளிப்புறமாகத் தள்ளப்படுவதாக உணர்கிறது. இந்தத் தள்ளலை எதிர்த்து நிமிர்ந்திருக்க முதுகின் ஒரு பக்கத் தசைகள் இறுகுகின்றன. அடுத்த வளைவில் மறுபக்கத் தசைகள் இறுகுகின்றன. இப்படி 20 முறை ஏறும்போதும் 20 முறை இறங்கும்போதும். முழுவுடல் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 2631 (1997-இல் திருத்தப்பட்ட முதற்பகுதி), உடல்நலத்தைக் கணிக்கும்போது கிடைத்தள ஆட்டத்தை 1.4 என்ற எண்ணால் பெருக்கிக் கூடுதல் எடை கொடுப்பதற்கும் காரணம் இதுவே: மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க அமைந்த முதுகெலும்புக்குப் பக்கவாட்டு ஆட்டத்தில் தசைகளைத் தவிர வேறு துணை குறைவு. இதோடு இடது கால் கிளட்சை ஓயாமல் மிதிப்பதும், எதிரே பேருந்து வந்தால் இடுப்பைத் திருகிப் பின்னால் பார்த்தபடி வண்டியைப் பின்னுக்கு எடுப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

அதிர்வுக்கு எல்லை வகுத்த சட்டம் என்று சொன்னால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை முதலில் நினைவுக்கு வரும். எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட சராசரி அதிர்வு 0.5 மீ/வி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 மீ/வி²-ஐ எந்நிலையிலும் தாண்டக் கூடாது. நல்ல சாலையில் ஓடும் புதிய லாரிகளே முதல் எல்லையை ஒட்டி வருவதுண்டு என்னும்போது, பழைய பட்டை வண்டிகளும் குண்டும் குழியுமான சாலைகளும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இந்த அதிர்வு சென்று சேரும் இடம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு. மக்கள் வழக்கில் ஜவ்வு அல்லது டிஸ்க் எனப்படும் இது, நடுவில் நீர் நிறைந்த கூழும் அதைச் சுற்றிப் பல அடுக்கு நார்வளையமும் கொண்டது. நார்வளையத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் இழைகள் சாய்வாக ஓடுகின்றன, அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. நைலான் டயரின் பிளைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படுத்திருக்கும் அதே அமைப்பு. ஆனால் டயர் ஓடஓடத் தேயும். வட்டோ உயிருள்ள திசு. வளர்ந்தவர்களின் வட்டினுள்ளே இரத்தக் குழாய் கிடையாது என்பதால், அதன் உயிரணுக்களுக்கு வேண்டிய ஊட்டம் மேலும் கீழுமுள்ள எலும்புகளிலிருந்து மெல்லக் கசிந்தே வர வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் பாரத்தால் நீரை இழந்து வட்டு சற்றுத் தட்டையாகிறது, இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி மீண்டும் பருக்கிறது. காலையில் அளந்த உயரத்தைவிட மாலையில் அளந்த உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருப்பது இதனால்தான்.

வட்டுக்குள் நிலவும் அழுத்தத்தை உயிருள்ள மனிதரிடம் ஊசி செலுத்தி முதலில் அளந்து புகழ்பெற்றவர் சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன். 1960-களில் தொடங்கிய அவரது அளவீடுகள், நிற்பதைவிட உட்கார்ந்திருப்பதில் வட்டின் அழுத்தம் மிகுதி என்று காட்டின. உட்காருவதே முதுகுக்குப் பகை என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் உணர்கருவியைப் பதித்து அன்றாடச் செயல்களின்போது அளந்தபோது சித்திரம் மாறியது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல்; சாய்மானமின்றி உட்கார்ந்திருக்கும்போது 0.46; தளர்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் 0.3, படுத்தால் 0.1. உட்காருவது நிற்பதைவிடப் பெரிய சுமையன்று. ஆனால் அதே மனிதர் முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல், முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே எடையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1 மட்டுமே. ஒருவரிடம் மட்டும் எடுத்த அளவு என்ற குறை இருந்தாலும், இவ்வெண்களின் ஏற்றத்தாழ்வு லாரித் தொழிலைப் பற்றி எதையோ சொல்லாமல் சொல்கிறது: ஆபத்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருப்பதைவிட, அங்கிருந்து இறங்கிய உடனே செய்யும் வேலையில் அதிகமாக இருக்கிறது.

அது எப்படி என்பதற்குக் கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் 1992-இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. 20 நிமிடம் முன்புறமாக முழுக்க வளைந்து உட்கார்ந்தவர்களின் முதுகெலும்பைப் பிணைக்கும் நார்கள் மெல்ல நீண்டு தளர்ந்தன. எழுந்த இரண்டு நிமிடங்களில் அத்தளர்ச்சியில் ஏறத்தாழப் பாதி மீண்டது; அரை மணி நேரம் கழிந்தும் சிறிது எஞ்சியிருந்தது. அதிர்வில் நெடுநேரம் இருந்த முதுகுத் தசைகள் திடீர்ப் பாரத்துக்குத் தாமதமாகவே இறுகுகின்றன என்பதும் வேறு சோதனைகளில் தெரிந்தது. நார்கள் தளர்ந்து, தசைகள் மந்தப்பட்டிருக்கும் இந்தச் சில நிமிடங்களில்தான் ஓட்டுநர் கேபினிலிருந்து தொப்பென்று குதிக்கிறார், கயிற்றை அவிழ்க்கிறார், மழையில் நனைந்து கனத்த தார்ப்பாயை இழுத்து மடிக்கிறார், கிளீனர் இல்லாத வண்டியாயின் ஸ்டெப்னியையும் தாமே உருட்டித் தூக்குகிறார். பல நாள் சேர்ந்த வலி அன்று ஒரே சுளுக்காக வெளிப்படும்போது, பழி முழுவதும் தார்ப்பாயின்மேல் விழுகிறது. அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் கணக்கில் வருவதில்லை.

லாரி ஓட்டுவதற்கும் வட்டுப் பிதுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று முதன்முதலில் உறுதியாகச் சொன்ன ஆய்வு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜெனிஃபர் கெல்சி 1975-இல் வெளியிட்டது. பிழைப்புக்காக லாரி ஓட்டும் ஆண்களுக்கு இப்பிதுக்கம் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது. இதைக் கொண்டு, ஓட்டுவதால் வட்டு தேய்கிறது என்று பலரும் முடிவு கட்டினர். ஆனால் மிஷேல் பத்தியேயும் தாபியோ விடெமனும் பின்லாந்தில் 45 இணை ஒத்த இரட்டையரைத் தேடிப்பிடித்தனர். ஒருவர் வாழ்நாளில் பெரும்பகுதி வண்டி ஓட்டியவர், அவரது உடன்பிறந்தவர் அவ்வளவு ஓட்டாதவர். மரபணுவில் இருவரும் ஒன்று. 2002-இல் வெளியான அவர்களது காந்த அதிர்வுப் படங்களில் இருவரின் வட்டுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வட்டின் தேய்மானத்தைத் தீர்மானிப்பதில் தொழிலைவிடப் பிறப்பே பெரும் பங்கு வகிக்கிறது என்ற முடிவு, அதுவரை சொல்லப்பட்டதைத் தலைகீழாக்கியது. இதற்கு வலு சேர்ப்பது 2015-இல் தொகுக்கப்பட்ட இன்னொரு கணக்கு: முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தால், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் வட்டுச் சிதைவு காணப்படுகிறது.

ஓட்டுநருக்கு வலி மிகுதி என்பதும் உண்மை, அவரது வட்டு மற்றவர் வட்டைப்போன்றதே என்பதும் உண்மை என்றால், வலியின் வேர் படத்தில் தெரியும் சிதைவில் இல்லை என்றே கொள்ள வேண்டும். தசையின் களைப்பு, நார்களின் தளர்ச்சி, தூக்கமின்மை, நேரத்துக்குச் சேர்க்க வேண்டிய பதற்றம் ஆகிய அனைத்தும் நரம்புகளின் உணர்ச்சியைக் கூர்மையாக்கி வலியாக மாறுகின்றன. இது ஆறுதலான செய்தி. தேய்ந்த உறுப்பைப் புதுப்பிக்க முடியாது, இவற்றையோ பெருமளவு மாற்ற முடியும். ‘முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது’ என்ற ஒற்றை வாக்கியத்தைக் கேட்டு நாற்பது வயதில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

மாற்றத் தொடங்க வேண்டிய முதல் இடம் இருக்கை. இந்தியாவில் நெடுங்காலம் லாரிகள் கேபின் இல்லாத சேசாகவே விற்கப்பட்டன. கேபினும் இருக்கையும் நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரமும் தகடும் ஸ்பாஞ்சும் ரெக்சினும் கொண்டு கட்டப்பட்டன. அவற்றின் அழகுக்குக் குறைவில்லை, ஆனால் ஸ்பாஞ்ச் இருக்கைக்கு ஒரு குணம் உண்டு: 4 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வை அது குறைப்பதில்லை, கூட்டுகிறது. அதன்மேல் உடலை வைத்தால் ஏற்படும் இயல்பதிர்வெண் அந்த அளவிலேயே அமைவதே காரணம். கீழே ஸ்பிரிங் அல்லது காற்றுப்பை கொண்ட தொங்கல் இருக்கையின் இயல்பதிர்வெண் சுமார் 1.5 ஹெர்ட்ஸாக வைக்கப்படுகிறது. எந்தத் தொங்கலும் தன் இயல்பதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலுள்ள அதிர்வுகளையே தடுக்கும் என்ற விதிப்படி, இவ்விருக்கை 2 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து வேலை செய்யத் தொடங்கி முதுகின் ஒத்ததிர்வு எல்லை முழுவதையும் காக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. இருக்கையிலுள்ள எடைக் குமிழை ஓட்டுநர் தம் உடல் எடைக்கேற்பத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் வண்டியில், 60 கிலோ எடையுள்ளவர் வைத்த அளவிலேயே 90 கிலோ எடையுள்ளவர் ஏறி அமர்ந்தால், குழியில் விழும்போது இருக்கை அடிமட்டத்தில் இடித்து, தொங்கலே இல்லாத இருக்கையைவிட மோசமான அடியைத் தரும்.

பழைய வண்டியில் தொங்கல் இருக்கை பொருத்த வழியில்லாவிட்டாலும் செய்யக்கூடியவை சில உள்ளன. பள்ளம் விழுந்துபோன ஸ்பாஞ்சை மாற்றுவது, உயிர்போன ஷாக் அப்சார்பரையும் கேபினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளையும் காலத்தில் மாற்றுவது, டயரில் அளவுக்கு மீறிக் காற்று அடிக்காதிருப்பது ஆகியவை வண்டிப் பராமரிப்பு என்ற பெயரில் செய்யப்படும் மருத்துவமே. இருக்கையின் தூரம் இன்னும் முக்கியம். கிளட்சை முழுவதும் மிதிக்கும்போதும் இடுப்பின் பின்பக்கம் சாய்மானத்தை விட்டு நகரக் கூடாது. இருக்கை எட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முன்னே வழுக்கி, கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடும். மலைப்பாதையில் அந்த மிதி நூற்றுக்கணக்கில். சாய்மானம் செங்குத்தைவிட 10 முதல் 20 பாகை பின்சாய்ந்திருப்பதும், துண்டைச் சுருட்டி பெல்ட் மட்டத்தில் முதுகுக்குப் பின்னால் வைப்பதும் அந்த உள்வளைவைக் காக்கும். பின்பாக்கெட்டில் பணப்பை வைத்து உட்காரும் பழக்கம் புட்டத்தின் ஆழத்தில் ஓடும் காலுக்குரிய பெரிய நரம்பை அழுத்தி, முதுகுவலியைப்போலவே தோன்றும் கால்குடைச்சலை உண்டாக்குவது மருத்துவ ஏடுகளில் பதிவான ஒன்று. அதற்கு மருந்து பணப்பையை டாஷ்போர்டுக்கு மாற்றுவது.

எவ்வளவு நல்ல இருக்கையானாலும் அதில் அசையாதிருப்பது நல்லதன்று. நீர் உள்ளும் வெளியும் போய்வருவதால் பிழைக்கும் வட்டுக்கு நிலை மாறுவதே உணவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்க வேண்டும் என்ற அறிவுரையைப் பல ஓட்டுநர்கள் ஏற்கெனவே தம்மை அறியாமல் கடைப்பிடிக்கின்றனர். கம்பியால் டயரைத் தட்டி ஓசையைக் கேட்டபடி வண்டியைச் சுற்றி வரும் பழக்கம் அது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்துக்கு முன்னும் ஏற்காட்டிலிருந்து இறங்கும் முன்னும் பிரேக்கைச் சரிபார்க்க நிறுத்தும் நிறுத்தத்தை முதுகுக்கும் பயன்படுத்தலாம். கேபினிலிருந்து குதிக்காமல், வண்டியை நோக்கியபடி இரு கையும் ஒரு காலும் அல்லது ஒரு கையும் இரு காலுமாக எப்போதும் மூன்று பிடி இருக்குமாறு இறங்கி, இடுப்பில் கைகளை ஊன்றி ஐந்தாறு முறை மெல்லப் பின்னுக்கு வளைந்து, வண்டியை இரண்டு சுற்று நடந்து, அதன் பின்னரே கயிற்றில் கை வைப்பது நல்லது. இதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தில் நார்களின் தளர்ச்சியில் பாதியாவது மீண்டிருக்கும்.

அதிகாலை தனி எச்சரிக்கைக்கு உரியது. வில்கேயின் அளவீட்டில் ஏழு மணி நேர உறக்கத்தில் வட்டின் அழுத்தம் 0.1-லிருந்து 0.24 மெகாபாஸ்கலுக்கு உயர்ந்தது. நீர் நிரம்பி விறைத்த வட்டைக் குனிந்து வளைக்கும்போது நார்வளையத்தின் பின்பக்கம் மிகுந்த இழுவிசைக்கு ஆளாகிறது. அமெரிக்காவின் ஸ்டோவர் ஸ்னூக் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், எழுந்த பின் முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்த நாட்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்தது. கேபினிலேயே உறங்கி, விடியும் முன் எழுந்த கையோடு மூட்டை இறக்குவோரும் ஜாக்கி போடக் குனிவோரும் இதை அறிந்திருப்பது நல்லது; டீ குடித்துச் சற்று நடந்த பின் தொடங்குவது செலவில்லாத காப்பு. கட்டாந்தரையில் படுத்தால் முதுகு நிமிரும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் ஆதரவு குறைவு: 2003-இல் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் நடத்திய சோதனையில், நாட்பட்ட வலியுள்ளோருக்கு மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நலம் தந்தது.

வலி வந்துவிட்ட பின் என்ன செய்வது என்பதில் மருத்துவம் தன் பழைய அறிவுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டது எனலாம். முன்பு வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். 1995-இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிடவும் தனிப் பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். பெரும்பாலான திடீர் இடுப்புப் பிடிப்புகள் சில வாரங்களில் தாமாகவே தணிகின்றன. அதற்குள் எந்தச் சிகிச்சை நடந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. பாராசிட்டமால் இவ்வலியில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்வதில்லை என்பது ஆஸ்திரேலியாவில் 2014-இல் தெரிந்தது. இடுப்புப் பட்டை வலி வராமல் தடுப்பதில்லை. தொடர்ந்த உடற்பயிற்சியே, அதுவும் விளக்கத்தோடு கற்பிக்கப்படும்போது, மறுபடி வலி வருவதைக் குறைக்கிறது என்று 2016-இன் தொகுப்பாய்வு முடிவு கூறியது. டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் சில நாள் உதவலாம், ஆனால் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். தசை தளர்த்தும் மாத்திரையும் டிரமடாலும் தூக்கத்தைத் தருபவை. அவற்றை விழுங்கிவிட்டு மலையிறங்குவது முதுகைக் காப்பாற்றி உயிரைப் பணயம் வைப்பதாகும்.

தண்ணீர் என்றதும் ஒரு குறிப்பு. அடிக்கடி நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்க்கும் ஓட்டுநர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது எளிது. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக எழுந்து, அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் பாய்ந்து, எப்படிப் படுத்தாலும் தணியாத வலி முதுகெலும்பின் வலியன்று. அதற்கு இருக்கையைச் சரிசெய்து பயனில்லை. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இரவில் எழுப்பும் வலியும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும்; நம் நாட்டில் அது அரிதன்று. இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்று: பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி, இருக்கை படும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது அடக்க முடியாமை, கால்கள் வலுவிழத்தல். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை; ஓரிரு நாளைக்குள் அறுவை செய்யாவிடில் இழப்பு நிலைத்துவிடலாம். ஏற்காட்டு மலையில் இது நேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அன்றே இறங்கிவிட வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக நிற்பது நேரம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் என்று வேலைநேரத்தை வரையறுத்து, நெடுந்தூர வழித்தடங்களில் நாளுக்கு 10 மணி நேரம் வரை இடமளித்து, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி நேர இடைவேளையையும் கட்டாயமாக்கியது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது அடக்கப்பட்டது. ஐரோப்பாவில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற விதியை வண்டியிலுள்ள பதிவுக்கருவி கண்காணிக்கிறது. இங்கோ 1961 சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே இயல்பாகப் பொருந்தியது. கொங்கு வட்டாரத்தின் லாரிகளில் மிகப் பல, ஓரிரு வண்டி மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை, பலவற்றில் உரிமையாளரே ஓட்டுநரும். டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா பேசப்படும் தொழிலில் நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுநரின் சொந்தச் செலவாகிவிடுவதால், இரண்டு மணிக்கு ஒரு முறை இறங்குங்கள் என்ற அறிவுரையை அவரிடம் மட்டும் சொல்வது பாதி வேலையே. லோடுக்கு நேரம் குறிக்கும் புக்கிங் அலுவலகமும் சரக்கை எதிர்பார்க்கும் கடைக்காரரும் அந்த ஐந்து நிமிடங்களைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருப்பது வரவேற்கத்தக்கது, ஏனெனில் வெப்பமும் வியர்வையும் களைப்பைக் கூட்டுபவை. ஆயினும் அவ்விதி கேபினின் காற்றைப் பற்றியது, இருக்கையின் ஆட்டத்தைப் பற்றியதன்று. கரடியூருக்குச் செங்கல் ஏற்றிச் செல்லும் பழைய வண்டிகளைப் பொறுத்தவரை, ஸ்பாஞ்சும் சாய்மானமும் எப்படி அமையும் என்பதை இன்னும் பல ஆண்டுகளுக்கு நாமக்கல் பட்டறைகளின் டெய்லர்களே தீர்மானிக்கப் போகிறார்கள்.